இத்தாலியன் எண்டு நம்பப்பட்ட வொல்வோ

பி1800இன் வளைவுகளைப் பார்த்து இது இத்தாலிக் கார் எண்டுதான் நாங்களும் நினைத்தோம். 1957இல் வொல்வோ தலைவர் குன்னார் எங்கெலாவும் அப்படித்தான் ஏமாந்தார். இத்தாலிய வடிவம்தான் வேணும் எண்டவர் தெரிவு செய்தது, தூரினில் ஃபுருவாவிடம் வேலை செய்த சுவீடன்காரர் பெல்லே பெட்டர்சன் வரைந்ததை. எங்களைவிட ரெண்டு மூண்டு வயசுதான் கூட! போதாக்குறைக்கு, வொல்வோ ஆலோசகர் ஹெல்மரின் மகன். உண்மை தெரிந்ததும் தலைவருக்குச் சரியான கோபம். பல தசாப்தங்களாகப் பெயர் ஃபுருவாவுக்கே போனது.

1961இல் இங்கிலாந்தின் ஜென்சன் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. தரம் சரிவராததால் 1963இல் சுவீடனுக்கே மாற்றினார்கள். ஜாகுவார் கார் தர மறுத்ததால்தான் 'த செயின்ட்' தொடரில் ரொஜர் மூர் இதை ஓட்டினார். புகழ் அங்கிருந்து வந்தது. இயந்திரம் வொல்வோவின் குடும்பக் கார்களில் இருந்ததேதான். அந்த உறுதியை நம்பி அமெரிக்கர் இர்வ் கோர்டன் தன் 1966ஆம் ஆண்டுக் காரில் 30 இலட்சம் மைல் ஓடி முடித்தார்.

பெட்டர்சனோ படகு வடிவமைக்கப் போய், 1964 ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் வெண்கலமும் எடுத்துவிட்டார்.