இழப்பைச் சொல்பவரும் கேட்பவரும்: இஸ்ரேல்–பாலஸ்தீனப் புனைகதையில் நட்பு

இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் நேருக்கு நேர் சந்திக்கும் கதைகளில், பகையில் தொடங்கி நட்பில் முடியும் ஒரு வளர்ச்சியைக் காண விமர்சகர்கள் பலருக்கு ஆசை. 1963 முதல் 2020 வரையிலான நான்கு படைப்புகளை வரிசையாக வாசிக்கும்போது அந்தக் கோடு நேராக ஓடவில்லை. யாருடைய இழப்பு வாய்விட்டுச் சொல்லப்படுகிறது, அதை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதில்தான் மாற்றம் தெரிகிறது.

ஏ. பி. யெஹோஷுவாவின் ‘காடுகளுக்கு எதிரே’ (1963) எபிரேயக் கதை. காட்டுத்தீயைக் கண்காணிக்க வரும் ஆய்வு மாணவனுக்குத் துணையாக அங்கே இருப்பவர் ஒரு முதிய அரபியர். போரில் நாக்கு அறுபட்டவர். அழிந்துபோன அரபு ஊர் ஒன்றின் மேல்தான் அந்தக் காடு நடப்பட்டிருக்கிறது. முதியவர் காட்டுக்குத் தீ வைக்கிறார், மாணவன் தடுக்கவில்லை. ஒருவித உடந்தை உண்டு, பேச்சு இல்லை. இழந்தவரை ஊமையாக்கியது ஆசிரியரின் துணிவா, அவருக்கு அமைந்த வசதியா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

கஸ்ஸான் கனஃபானியின் ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ (1969) இரு தரப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கிறது. 1948 ஏப்ரலில் ஹைஃபா வீழ்ந்தபோது கைக்குழந்தை கல்தூனை விட்டுப் பிரிய நேர்ந்த சயீதும் சஃபிய்யாவும், 1967 போருக்குப் பின் வழி திறந்ததும் தங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். சாடியிலிருக்கும் மயிலிறகுகள் சயீதின் கண்ணில் படுகின்றன. ஏழு இருந்தன, இப்போது ஐந்துதான். கதவைத் திறந்த மிரியம் போலந்திலிருந்து வந்தவர், தந்தையை ஆஷ்விட்ஸில் பறிகொடுத்தவர். இறந்த அரபுக் குழந்தையின் உடலை ஹகானா என்ற யூதப் படையின் இளைஞர்கள் லாரியில் வீசியதைப் பார்த்துவிட்டு, இந்த நாடே வேண்டாம், திரும்பிவிடலாம் என்று நினைத்தவரும்கூட. நாட்டை இழந்த ஒரு பாலஸ்தீனர், போராட்டத்தின் உச்சத்தில், எதிர்த்தரப்புப் பெண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது எளிய காரியமல்ல. ஆனால் மிரியமின் துயரத்தைக் கேட்பதால் வீடு திரும்பக் கிடைத்துவிடாது. கல்தூன் ‘டோவ்’ என்ற பெயரோடு, இஸ்ரேலிய ராணுவச் சீருடையில் வந்து நிற்கிறான். இந்த வரிசையில் மிக நேர்மையான படைப்பு இதுவே என்பேன். கனஃபானி 1972 ஜூலையில் பெய்ரூத்தில் கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். உடனிருந்த சகோதரி மகளும் உயிரிழந்தார்.

டேவிட் கிராஸ்மனின் 2008ஆம் ஆண்டு நாவலில், மகனின் சாவுச் செய்தி தன்னை எட்டக் கூடாது என்று கலிலேயாவில் நடந்துகொண்டே இருக்கிறாள் ஓரா. நாவல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 2006 ஆகஸ்டில், கிராஸ்மனின் மகன் ஊரி லெபனான் போரில் இறந்தான். ஆனால் நம் ஆய்வுக்கு முக்கியமானது ஒரு டாக்ஸிப் பயணம். படைநடவடிக்கைக்குப் போகும் மகனைக் கொண்டுபோய் விட, பல காலமாகக் குடும்பத்துக்குப் பழகிய அரபு ஓட்டுநர் சமியை ஓரா யோசிக்காமல் கூப்பிட்டுவிடுகிறாள். தன் மக்கள் மீது பாயப்போகும் படைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் அவமானம் அவருக்கு. பழக்கம் எந்த இடத்தில் நட்பாகாமல் நின்றுவிடுகிறது என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய காட்சி வேறு எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே, கதைக்கு வெளியே ஒன்று நடந்திருந்தது. மகன் அரிக் ஹமாஸால் கொல்லப்பட்டபின் இட்ஸாக் ஃபிராங்கென்தால் 1995இல் முன்னெடுத்த அமைப்பு, பிள்ளைகளைப் பறிகொடுத்த இரு தரப்புப் பெற்றோரையும் கூட்டியது. பின்னாளில் அதில் இணைந்து உழைத்த இருவர்தாம் இஸ்ரேலியரான ராமி எல்ஹனானும் பாலஸ்தீனரான பஸ்ஸாம் அராமினும். ராமியின் மகள் ஸ்மதர் 1997 செப்டம்பரில் ஜெருசலேமின் பென் யெஹூதா தெருத் தற்கொலைத் தாக்குதலில் இறந்தாள், வயது 13. பஸ்ஸாமின் பத்து வயது மகள் அபீர் 2007 ஜனவரியில் அனாட்டாவில் பள்ளிக்கருகே ரப்பர் குண்டுக்குப் பலியானாள். இவர்களை வைத்து அயர்லாந்தில் பிறந்த கோலம் மக்கேன் எழுதியது ‘அபெய்ரகான்’ (2020). 1001 துண்டுகள், 500 வரை ஏறி, பிறகு இறங்கும் எண்கள், நடுவில் இரு தந்தையரும் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். இந்த வரிசையில் இருவருக்கும் சமமாகப் பேச்சு கிடைப்பது இங்கேதான். அதை அமைத்துக் கொடுத்தவரோ வெளியாள்.

பாலஸ்தீன எழுத்தாளர் சூசன் அபுல்ஹவா இந்நாவலைக் கடுமையாகச் சாடினார்; ஆக்கிரமிப்பை இரு சம தரப்புகளின் சிக்கலாக அது மாற்றிவிடுகிறது என்பது அவர் வாதம். வடிவத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஏறியிறங்கும் எண்வரிசை ஒரு சமநிலை இருப்பதுபோலக் காட்டுகிறது. ஆனால் நாவலின் பயணக் காட்சிகள் அப்படி இல்லை. இஸ்ரேலிய எண்பலகை கொண்ட மோட்டார் சைக்கிளில் ராமி சாலையைக் கடந்துவிடுகிறார். பஸ்ஸாம் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியிருக்கிறது. அபீரைச் சுட்டவர் மீது குற்ற வழக்கு தொடரப்படவில்லை. மகள் சாவுக்கு அரசே பொறுப்பு என்று ஓர் இஸ்ரேலிய சிவில் நீதிமன்றம் சொல்ல, பஸ்ஸாம் 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.