எட்டுப் பல்லும் நாற்பத்து மூன்று பல்லும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே எழுதுகின்றனர். குதிரைத்திறன் எவ்வளவு, உருளைகள் எத்தனை, வேகம் என்ன என்றே கணக்குப் போகிறது. பின்னச்சின் நடுவே, குடம் போலப் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் இரண்டு பல்சக்கரங்களை எவரும் நினைப்பதில்லை. அவற்றுள் சிறியதைப் பினியன் என்றும் பெரியதைக் கிரவுன் என்றும் நம் பணிமனைகளில் வழங்குகிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் தண்டு பினியனைச் சுழற்றுகிறது. பினியன் கிரவுனைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சாலைச் சக்கரங்கள் சுழலுகின்றன. கிரவுன் ஒரு முறை சுழலப் பினியன் எத்தனை முறை சுழல வேண்டுமோ, அந்த எண்ணே அச்சு விகிதம். இந்த எண்ணின் கதையையும், பெரிய டயரை மாட்டியவுடன் இது எவ்வாறு பொய்த்துப் போகிறது என்பதையும் மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

கடப்பாரையால் பாறையை நெம்புகிறவன் விசையில் பெறுவதைத் தூரத்தில் இழக்கிறான். அச்சு விகிதமும் அத்தகையதே. எண் பெரிதானால் இழுவிசை மிகும், வேகம் குறையும். எண் சிறிதானால் வேகம் மிகும். மேடு கண்டால் வண்டி திணறும். இதைவிட அதிகமான தத்துவம் ஒன்றும் இதில் இல்லை. ஆனால் எந்த எண்ணைத் தேர்வது என்ற கேள்விதான் பொறியியலாளர்களை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அலைக்கழித்து வந்திருக்கிறது.

ஹென்றி ஃபோர்டு 1908இல் வெளியிட்ட டி மாடல் காரில் கிரவுனுக்கு 40 பல், பினியனுக்கு 11 பல். விகிதம் 3.64. இருபது குதிரைத்திறனுள்ள எஞ்சினும் முன்னே செல்ல இரண்டே கியர்களும் கொண்ட அந்த வண்டி, இந்த எண்ணை வைத்துக்கொண்டு அமெரிக்க நாட்டின் மண்சாலைகளில் எல்லாம் ஓடியது. செங்குத்தான மேட்டில் சிலர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுவது வழக்கமாயிருந்தது. பின் கியரின் இழுவிசை மிகுதி என்பது ஒரு காரணம். பெட்ரோல் தொட்டியிலிருந்து தானாக வழிந்தே எஞ்சினுக்கு வர வேண்டியிருந்தது என்பது மற்றொரு காரணம்.

இந்தக் காரையே லாரியாக்க வேண்டும் என்ற விருப்பம் எழுந்தபோது, 1917இல், ஃபோர்டு நிறுவனம் செய்த காரியம் நான் பெரிதும் மெச்சுவது. எஞ்சினை மாற்றவில்லை, கியர்ப்பெட்டியையும் மாற்றவில்லை. சட்டத்தை நீட்டி உறுதியாக்கினார்கள். பின்னச்சில் திருகுப்பல் அமைப்பை வைத்து விகிதத்தை 7.25 ஆக்கினார்கள். காரின் எண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு! அதே இருபது குதிரைத்திறன் இப்போது ஒரு டன் பாரத்தை இழுத்தது. வேகம் பாதியாயிற்று, அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு 5.17 என்ற மற்றொரு விகிதமும் கிடைத்தது. எடுத்த காரியத்துக்கு ஏற்ற எண்ணை அச்சிலே தேடுவது என்ற முறை இவ்வாறு சாமானிய மக்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

இனி ஜீப்பின் கதைக்கு வருவோம். 1940ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் ஒரு சிறு வண்டியைக் கேட்டது. மாதிரி வண்டியைச் செய்து தர 49 நாட்களே தவணை. பென்சில்வேனியாவில் இருந்த பாண்டம் என்னும் சிறிய நிறுவனம், கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளரின் துணையால் அதைச் செய்து முடித்து, செப்டம்பர் 23ஆம் நாள் மேரிலாந்தில் உள்ள ஹோலபர்டு முகாமில் ஒப்படைத்தது. ஆயினும் பெருந்தொகையில் செய்து கொடுத்தவை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களே. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன.

அந்தப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. டயரின் குறுக்களவு சுமார் 28 அங்குலம். போர்க்களத்து வண்டி சேற்றிலும் ஊர வேண்டும். நெடுஞ்சாலையில் படைவரிசையோடு ஓடவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடே 4.88. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது, மேல் கியரில் வண்டி மணிக்கு ஏறத்தாழ 82 கிலோமீட்டர் ஓடும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் சுற்றை டயரின் அங்குலத்தால் பெருக்கி, அச்சு விகிதத்தாலும் 336 என்ற எண்ணாலும் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்ற விடை வரும். 336 எங்கிருந்து வந்தது? ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். அதை 60 நிமிடத்தாலும் வட்டத்தின் பை என்னும் எண்ணாலும் வகுத்தால் கிடைப்பது அதுவே.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே வில்லிஸ் நிறுவனம் ஜீப்பை உழவர்களுக்கு விற்கப் புறப்பட்டது. ஏர் பூட்டி உழலாம், மரம் அறுக்கும் வாளை ஓட்டலாம், மாலையில் அதே வண்டியில் சந்தைக்கும் போகலாம் என்று விளம்பரம் செய்தது. இப்போது விகிதம் 5.38 ஆக உயர்ந்தது. துணைக் கியர்ப்பெட்டியின் தாழ்ந்த கியரும் மாற்றப்பட்டது. எல்லாம் சேர்த்துப் பெருக்கினால், போர்க்கால ஜீப்பின் மிகத் தாழ்ந்த கியரில் எஞ்சின் 25½ முறைக்குச் சற்று மேல் சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழன்றது. உழவர் ஜீப்பில் 36½ முறை சுழல வேண்டியிருந்தது. எஞ்சின் ஆயிரம் சுற்றில் நிதானமாக ஓடும்போது முன்னது மணிக்கு 5.2 கிலோமீட்டர் சென்றது, பின்னது 3.7 கிலோமீட்டர். மனிதன் ஏரின் பின்னால் தளர்ந்து நடக்கும் நடை அது. வாளைக் கலப்பையாக அடித்தார்கள் என்று சொல்வதுண்டு. இங்கே அந்த வேலை ஒரு பினியனில் நடந்தது.

ஒருமுறை ஒரு பணிமனையில் பின்னச்சுத் திறந்து கிடந்த சி.ஜே. 3பி ஜீப் ஒன்றைக் கண்டேன். ஆவலை அடக்க மாட்டாமல் கரித்துண்டால் அடையாளமிட்டுப் பற்களை எண்ணினேன். பினியனில் 8, கிரவுனில் 43. வகுத்தால் 5.375. இதைத்தான் 5.38 என்கிறார்கள். போர்க்கால ஜீப்பில் 8க்கு 39. ‘ஏன் ஐயா, 40 என்று முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா?’ என்று அங்கிருந்த இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 8க்கு 40 என்று வைத்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனில் எப்போதும் அதே ஐந்து பற்களையே சந்திக்கும். ஒரு பல்லில் சிறு பழுது இருந்தால், அதே ஐந்து பற்களை அது ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும். 43 என்று வைத்தால் ஒவ்வொரு பல்லும் மற்றெல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் பொதுவாகப் பங்கிடப்படுகிறது. காற்றாலைகளுக்கு மரப்பற்கள் செதுக்கிய ஐரோப்பியத் தச்சர்கள் இதை அறிந்து, வேண்டுமென்றே ஒற்றைப்பல் ஒன்றைக் கூட்டி வைத்தார்கள். அதற்கு வேட்டைப்பல் என்று பெயரும் இட்டார்கள்.

போருக்குப் பின் ஜீப்புகளை வாங்கியவர்கள் அவற்றை உள்ளபடி விட்டுவைக்கவில்லை. பாறையும் மணலும் கடக்க விரும்பியவர்கள் பெரிய டயர்களை மாட்டினார்கள். டயர் பெரிதானால் அச்சுக் கூடு தரையிலிருந்து உயருகிறது. பள்ளத்தில் சக்கரம் விழுவதில்லை. ஆனால் கணக்கு என்னவாகிறது? 28 அங்குலத்துக்குப் பதில் 35 அங்குலம் மாட்டினால் குறுக்களவு ஒன்றேகால் மடங்காகிறது. 5.38 என்ற எண் இப்போது 4.30 போல வேலை செய்யும். உழவரின் ஜீப் போர்க்கால ஜீப்பையும் விட இழுவிசை குறைந்ததாகிவிடுகிறது! பழைய இழுவிசை மீண்டும் வேண்டுமானால் 5.38ஐ ஒன்றேகாலால் பெருக்கி 6.72 என்ற விகிதத்தைத் தேட வேண்டும்.

இழுவிசை குறைந்தால் போகட்டும், மெதுவாக ஏறிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் உண்டு. நான் அஞ்சுவது ஏற்றத்தைப் பற்றியன்று, இறக்கத்தைப் பற்றி. மலைச்சாலையில் இறங்கும் ஓட்டுநர் தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினையே தடையாகப் பயன்படுத்துகிறார். 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபின், நம் நீலகிரி, ஆனைமலைத் தோட்டங்களிலும் ஜீப் ஓட்டியவர்கள் இந்த வித்தையை நன்கு அறிவார்கள். டயர் ஒன்றேகால் மடங்கானால் எஞ்சின் தரும் தடை ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விடுகிறது. சக்கரத்தை நிறுத்தப் பிரேக்கும் முன்னைவிடக் கால் பங்கு அதிகமாக உழைக்க வேண்டும். அதோடு வேகமானியும் பொய் சொல்லும். ஏனெனில் அது தண்டின் சுழற்சியை எண்ணுகிறதே அன்றித் தரையை அளப்பதில்லை. முள் 60இல் நிற்கும். வண்டி 75இல் இறங்கிக்கொண்டிருக்கும். கொண்டையூசி வளைவுக்கு முன்னால் அந்தப் பதினைந்து கிலோமீட்டர் சிறிய தொகையன்று.

சரி, 6.72ஐ வாங்கி மாட்டிவிடலாமே என்றால், அங்கே இரும்பு குறுக்கே நிற்கிறது. அச்சுக் கூட்டின் அளவு மாறாதாதலின் கிரவுனைப் பெரிதாக்க இயலாது. பினியனைத்தான் சிறிதாக்க வேண்டும். 3.73 விகிதத்தில் பினியனுக்கு 11 பல் இருக்கலாம், 4.88இல் 8 ஆகிவிடுகிறது. பினியன் மெலிய மெலிய ஒரே நேரத்தில் பாரம் தாங்கும் பற்கள் குறைகின்றன. பெரிய டயரோ அந்த மெலிந்த பினியனின் மேல் முன்னைவிட மிகுந்த பாரத்தைச் சுமத்துகிறது.

ஜெர்மானியர் இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தனர். ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் ஃபோக்ஸ்வாகன் படைவண்டி, நடந்து செல்லும் வீரனோடு மணிக்கு 4 கிலோமீட்டரில் செல்ல வேண்டும் என்று படையினர் கேட்டபோது, பின்சக்கரங்களின் குடத்திலேயே கூடுதல் பல்சக்கரங்களை வைத்தார்கள். அதனால் வண்டியின் அடிப்பகுதியும் உயர்ந்தது. போருக்குப் பின் ஆல்பர்ட் ஃபிரீட்ரிக் அமைத்த உனிமோக் வண்டி நான்கு சக்கரங்களிலும் இதையே கையாண்டது. அதன் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1,270 மில்லிமீட்டர் அகலம். உருளைக்கிழங்குப் பாத்தி இரண்டின் அகலம் அது. அங்கும் உழவனே அளவுகோல். வேலையைப் பாதி நடுவிலும் பாதி ஓரத்திலும் பகிர்ந்து செய்வதால் பினியன் மெலிய வேண்டியதில்லை.

ஆனால் எவ்வளவு விசை இருந்தாலும் தரை பிடி கொடுக்காவிட்டால் பயனில்லை. 1939இல் தாமஸ் பூல்ட்டர் அன்டார்க்டிகாவுக்கென்று அமைத்த பனிக்கப்பல் வண்டியின் நீளம் 17 மீட்டர். டயர்கள் பத்து அடி உயரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மின்மோட்டார். பனியில் இறக்கியதும் வழவழப்பான அந்த டயர்கள் வீணாகச் சுழன்று புதைந்தன. உதிரி டயர்களை முன்னும் சங்கிலிகளைப் பின்னும் பூட்டிப் பார்த்தார்கள். பின்னோக்கி ஓட்டினால் சற்றுப் பிடிப்பு மிகுந்தது. அதன் மிக நீண்ட பயணமாகிய 92 மைல் தூரமும் பின்னோக்கியே நடந்தது! ஃபோர்டு காரின் மேட்டுப் பயணம் இங்கே நினைவுக்கு வருகிறது.

பனியை வென்றவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். 1980களில் அவர்கள் 38 அங்குலமும் 44 அங்குலமும் உள்ள அகன்ற டயர்களை மாட்டி, காற்றைச் சதுர அங்குலத்துக்கு மூன்று நான்கு ராத்தல் வரை இறக்கிவிட்டு, பனியாறுகளின் மேல் மிதந்தாற்போல் ஓட்டினார்கள். 31 அங்குல டயரோடும் 4.10 விகிதத்தோடும் வந்த வண்டிக்கு 44 அங்குலம் மாட்டினால் 5.82 வேண்டும். அவ்வெண் அச்சில் கிடைக்காதபோது அருகிலுள்ள சிறிய எண்ணை ஏற்றுக்கொண்டு, எஞ்சிய குறையை நிரப்ப மற்றொரு தாழ்கியர்ப்பெட்டியை நடுவே சேர்த்தார்கள். மாற்றும்போது முன்னச்சையும் பின்னச்சையும் ஒரே விகிதத்தில் மாற்றியாக வேண்டும். ஒன்று 4.88, மற்றொன்று 5.38 என்று இருந்தால், நான்கு சக்கர உந்தலைப் பூட்டியவுடன் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் செல்ல முயன்று, ஒன்றையொன்று இழுத்து, கெட்டித் தரையில் தண்டையோ பல்லையோ முறித்துவிடக் கூடும். ஆதலின் விலையும் கூலியும் எப்போதும் இரண்டு அச்சுக்குத்தான்.