ஹாப்ஸ் மிகுந்த அயர்லாந்து பியர்

ஹாப்ஸ் மிகுந்த அயர்லாந்து பியர் என்பது அயர்லாந்தின் சிறு தனியார் ஆலைகளில், ஹாப்ஸ் மலர்கள் வழமையைவிடக் கூடுதலாகச் சேர்க்கப்பட்டு ஆக்கப்படும் பியர் வகைகளைக் குறிக்கும். இத்தகைய சிறு ஆலைகளின் ஆக்கங்கள் பொதுவாக கிராப்ட் பியர் என்று அழைக்கப்படுகின்றன. முதன்முறை அருந்துவோர் பலர் இவற்றின் கசப்பையும் கூர்மையான மணத்தையும் விரும்புவதில்லை. எனவே இது ஒரு "பழகிப் பெறும் சுவை", அதாவது முதலில் பிடிக்காமல் இருந்து பழக்கத்தால் பிடித்துப்போகும் சுவை, என்று கூறப்படுவதுண்டு. அயர்லாந்தைப் பொறுத்தவரை இக்கூற்று பாதியளவே உண்மையாகும். அந்நாட்டினர் கசப்பான பியரை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அருந்தி வந்துள்ளனர். அவர்களுக்குப் புதிதாக இருந்தது ஹாப்ஸின் மணமே.

ஹாப்ஸும் கசப்பும்

ஹாப்ஸ் (ஹியூமுலஸ் லூப்புலஸ்) கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பல்லாண்டுக் கொடியாகும். இதன் பெண் கொடியில் தோன்றும் சிறு கூம்பு போன்ற பூங்கொத்துகளே பியர் ஆக்கத்தில் பயன்படுகின்றன. கூம்பின் இதழ்களுக்கு அடியில் லூப்புலின் என்னும் மஞ்சள் நிறத் தூள் காணப்படும். அதிலுள்ள பிசின்கள் கசப்பையும், எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் மணத்தையும் தருகின்றன.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்துப் பெறப்படும் இனிப்பான சாற்றில் ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்க வைப்பர். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கொதிப்பில், பிசினிலுள்ள ஆல்பா அமிலங்கள் ஐசோ ஆல்பா அமிலங்களாக உருமாறுகின்றன. பியரின் கசப்புக்கு இவையே முதன்மைக் காரணம். சில வகை நுண்ணுயிரிகள் பெருகுவதைத் தடுப்பதால், பியர் புளித்துக் கெடாமல் இருக்கவும் இவை உதவுகின்றன. நீண்ட கொதிப்பில் மண எண்ணெய்கள் ஆவியாகி வெளியேறிவிடும். எனவே மணம் வேண்டுமெனில், கொதிப்பு முடியும் தறுவாயில் ஹாப்ஸ் சேர்க்க வேண்டும். அல்லது நொதித்தலின் போதோ அதன் பின்னரோ பியரில் ஊறவைக்க வேண்டும். ஒரே மலர், சேர்க்கப்படும் நேரத்தைப் பொறுத்துக் கசப்பையோ மணத்தையோ கூடுதலாகத் தருகிறது. பேச்சு வழக்கில் "ஹாப்ஸ் மிகுந்தது" என்பதும் "கசப்பானது" என்பதும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. இப்பொருளில் எழும் குழப்பங்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

பியரின் கசப்பு, பன்னாட்டுக் கசப்பு அலகு என்னும் அளவையால் குறிக்கப்படுகிறது. ஓர் அலகு என்பது ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஐசோ ஆல்பா அமிலத்துக்குச் சமம். பெருமளவில் விற்கப்படும் வெளிர்நிற லாகர் வகைகள் 10 அலகை ஒட்டியவை. இந்தியா பேல் ஏல் வகைகள் பெரும்பாலும் 40 முதல் 70 வரை இருக்கும். கின்னஸ் ஸ்டவுட் பியரின் கசப்பும் 40 அலகை ஒட்டியதாகவே பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. எனினும் கின்னஸை அருந்துவோர் எவரும் அதை ஹாப்ஸ் மிகுந்த பியர் என்று சொல்வதில்லை. அதன் ஹாப்ஸ் கொதிப்பில் மணத்தை இழந்துவிடுகிறது. எஞ்சும் கசப்பு வறுத்த வாற்கோதுமையின் காப்பி போன்ற சுவையோடு கலந்துவிடுகிறது.

அயர்லாந்தின் பியர் மரபு

ஆர்தர் கின்னஸ் 1759 இல் டப்ளின் நகரின் செயின்ட் ஜேம்ஸ் கேட் பகுதியில் தமது ஆலையைத் தொடங்கினார். முதலில் ஏல் வகைகளை ஆக்கிய அவ்வாலை, 1799 முதல் கருநிறப் போர்ட்டர் வகையை மட்டுமே ஆக்கத் தொடங்கியது. 1801 இல் அங்கு உருவான "வெஸ்ட் இந்தியா போர்ட்டர்", வெப்ப நாடுகளுக்கான நீண்ட கடற்பயணத்தில் கெடாமல் இருப்பதற்காகக் கூடுதல் ஹாப்ஸ் சேர்க்கப்பட்டதாகும். இன்றைய "பாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்" அதன் வழிவந்ததே. ஆகவே ஹாப்ஸ் மிகுந்த அயர்லாந்து பியர் என்பது 21 ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. அக்காலத்தில் அது சுவைக்காகவன்றிப் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது என்பதே வேறுபாடு.

ஈரம் மிகுந்த அயர்லாந்தில் ஹாப்ஸ் பயிர் பெரிய அளவில் வேரூன்றவில்லை. ஆலைகள் இங்கிலாந்திலிருந்தும் பின்னர் அமெரிக்காவிலிருந்தும் ஹாப்ஸை இறக்குமதி செய்தன. அதன் தரத்தை அளப்பது கின்னஸ் ஆலைக்குப் பெரும் பொருட்செலவு சார்ந்த கேள்வியாக இருந்தது. 1899 இல் அங்கு பணியில் சேர்ந்த வில்லியம் சீலி கோசெட், சிறு மாதிரிகளைக் கொண்டு முடிவெடுக்கும் சிக்கலை ஆராய்ந்து, 1908 இல் "ஸ்டூடன்ட்" என்னும் புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். புள்ளியியல் மாணவர்கள் இன்றும் கற்கும் டி-சோதனை இதிலிருந்து பிறந்தது.

20 ஆம் நூற்றாண்டில் ஆலைகளின் எண்ணிக்கை பெரிதும் சுருங்கியது. மதுக்கூடங்களில் ஸ்டவுட், கில்கென்னி நகரின் ஸ்மிதிக்ஸ் போன்ற செந்நிற ஏல், லாகர் ஆகியவையே கிடைத்தன. செந்நிற ஏல் வாற்கோதுமையின் இனிப்பு மேலோங்கியது. ஹாப்ஸ் மணம் மிகக் குறைவு. 1959 இல் கின்னஸ் நிறுவனம் நைட்ரசன் கலந்த ஸ்டவுட்டை அறிமுகப்படுத்தியது. நைட்ரசனின் நுண்குமிழிகள் பாலேடு போன்ற நுரையைத் தந்து கசப்பை மென்மையாகத் தோன்றச் செய்தன. 1960 இல் ஹார்ப் லாகர் வெளிவந்தது. இவ்வாறு ஒரு தலைமுறை முழுவதும் ஹாப்ஸின் மணத்தை ஏறக்குறைய அறியாமலே பியர் அருந்தியது.

சிறு ஆலைகளின் எழுச்சி

வட அயர்லாந்தில் 1981 இல் ஹில்டன் ஆலையும், டப்ளினில் 1996 இல் போர்ட்டர்ஹவுஸ் ஆலையும் தொடங்கப்பட்டன. ஓஹாராஸ் பியரை ஆக்கும் கார்லோ ஆலையும் 1990களில் தோன்றியதே. 2005 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், சிறு ஆலைகளுக்குக் கலால் வரியில் பாதியைத் திருப்பித் தர வழிசெய்தது. அதற்கு மறு ஆண்டில் கால்வே ஹூக்கர் ஆலை தனது "ஐரிஷ் பேல் ஏல்" வகையை வெளியிட்டது. கால்வே விரிகுடாவின் மரபுப் பாய்மரப் படகின் பெயரையே இப்பியர் தாங்கியுள்ளது. அமெரிக்கப் பேல் ஏல் வகைகளின் மணத்தைக் குறைந்த கடுமையுடன் தரும் பியர் இது. 2010 ஐ ஒட்டி எயிட் டிகிரீஸ், மெட்டல்மேன், டிரபிள் முதலிய ஆலைகள் தோன்றின. கால்வே பே ஆலையின் "ஆப் போம் அண்ட் பியூரி" 8.5 விழுக்காடு ஆல்ககால் கொண்ட இரட்டை இந்தியா பேல் ஏல் ஆகும். இதைப் போன்றவற்றை மனத்தில் வைத்தே "பழகினால்தான் பிடிக்கும்" என்ற பேச்சு பெரிதும் எழுந்தது.

கசப்பு எவ்வாறு பழகுகிறது

பிறந்த குழந்தைகள் இனிப்பை விரும்புவதும் கசப்பைக் கண்டு முகம் சுளிப்பதும் கற்பிக்கப்படாத இயல்புகளாகும். நச்சுத் தாவரங்கள் பல கசப்பானவை என்பதால் இவ்வெறுப்பு ஒரு காப்பாகக் கருதப்படுகிறது. மனிதரிடம் கசப்பை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 25 வகைப்படும். அவற்றுள் மூன்று, ஹாப்ஸின் கசப்புப் பொருள்களால் தூண்டப்படுகின்றன என்று 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த அளவில், கசப்பான பியர் எதுவாயினும் அது பழகிப் பெறும் சுவையே, காப்பியும் அவ்வாறே.

பழகுதல் ஒரே வழியில் நிகழ்வதில்லை. ஒரு பொருளை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதே அதன் மீது விருப்பத்தை வளர்க்கும் என்று ராபர்ட் சயான்ஸ் 1968 இல் காட்டினார். உணவைப் பொறுத்தவரை, உண்டபின் தீங்கு நேராததும் ஐயத்தைத் தணிக்கிறது. மற்றொரு வழி, சுவையை அதன் பின்விளைவுடன் மூளை இணைத்துக்கொள்வதாகும். முன்பின் அறியாத சுவையுள்ள பானத்தில் காஃபீன் கலந்து வழமையாகக் காப்பி அருந்துவோருக்குத் தொடர்ந்து கொடுத்தால், அச்சுவையை அவர்கள் விரும்பத் தொடங்குகின்றனர். பியரில் அந்த இடத்தை ஆல்ககால் வகிக்கிறது. எனவே "சுவை பழகிவிட்டது" என்று ஒருவர் கூறும்போது, பழகியது ஹாப்ஸா, போதையா, நண்பர்களுடன் கழித்த மாலையா என்று பிரித்தறிவது எளிதன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இலேயே மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துள்ளமையால், இது வெறும் சொல்லாய்வு மட்டும் அன்று.

எதிர்பார்ப்புக்கும் இதில் பங்குண்டு. 2006 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மதுக்கூடத்திற்கு வந்தோருக்குச் சில துளி பால்சாமிக் வினிகர் கலந்த பியர் தரப்பட்டது. வினிகர் இருப்பதை அருந்துமுன் அறிந்தோரில் அதனை விரும்பியோர் குறைவு. அருந்திய பின் அறிந்தோர், அறியாதோரைப் போலவே அதனை விரும்பினர். "இது கசக்கும், பழகினால்தான் பிடிக்கும்" என்ற எச்சரிக்கையுடன் நீட்டப்படும் குவளைக்கும் இது பொருந்தக்கூடும்.

மணத்தின் நிலை வேறு

மணங்களின் மீதான விருப்பும் வெறுப்பும் பெரும்பாலும் பட்டறிவால் அமைபவை. 1972 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட கேஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகை, பம்ப்ளிமாசு இனத்தை ஒத்த கிரேப்புரூட் பழத்தை நினைவூட்டுவது. பின்வந்த சிட்ரா, மொசைக் முதலியவை மாம்பழம், பேசன் பழம் போன்ற மணங்களைத் தருகின்றன. இம்மணங்களுக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் சில, மிகச் சிறிய அளவில் பழத்தையும் அளவு கூடினால் பூனைச் சிறுநீரையும் நினைவூட்டுபவை. எனவே ஒரே குவளையைப் பற்றி இருவர் முற்றிலும் மாறுபட்டுப் பேசுவது வியப்புக்குரியதன்று.

மணம் விரைவில் கெடவும் செய்யும். ஒளி பட்டால் ஐசோ ஆல்பா அமிலங்கள் சிதைந்து ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தை ஒத்த சேர்மம் உருவாகிறது. பச்சை, நிறமற்ற குப்பிகள் இதற்கு எளிதில் இடந்தருபவை. உயிர்வாயு பட்டு நாள்பட்ட பியரில் பழமணம் மறைந்து கசப்பும் நனைந்த அட்டையின் வாடையும் எஞ்சும். விற்பனை மந்தமான ஒரு மதுக்கூடத்தில் பல வாரம் கிடந்த பீப்பாயிலிருந்து முதல் குவளையைப் பெற்றவர் அதை வெறுத்தால், குறை அவர் நாவில் இல்லை.

எல்லோருக்கும் பழகுமா?

பழகாதோரும் உளர். பினைல்தயோகார்பமைடு என்னும் வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையாகக் கசப்பதையும் சிலருக்குச் சுவையற்றிருப்பதையும் 1931 இல் ஆர்தர் பாக்ஸ் தற்செயலாகக் கண்டறிந்தார். இவ்வேறுபாடு மரபணு வழிப்பட்டது. ஆயினும் இதற்குரிய ஏற்பி, ஹாப்ஸால் தூண்டப்படுபவையாக மேற்கூறிய ஆய்வு கண்ட மூன்றனுள் ஒன்றன்று. ஆதலால் இச்சோதனையைக் கொண்டு ஒருவருக்குப் பேல் ஏல் பிடிக்குமா என்று கணித்துவிட இயலாது. காப்பி பற்றி 2018 இல் வெளியான பெரும் ஆய்வு மேலும் விந்தையானது. அதன்படி, காஃபீனின் கசப்பைக் கூடுதலாக உணரும் மரபணு அமைப்புடையோரே கூடுதலாகக் காப்பி அருந்தினர். கசப்பை உணராமை வேறு, உணர்ந்தும் விரும்புதல் வேறு.

ஹாப்ஸின் கசப்பு மெல்லத் தோன்றி நெடுநேரம் நாவில் நிற்பது. அடுத்தடுத்த மிடறுகளில் அது சேர்ந்துகொண்டே போகும். முதல் குவளையைப் பாராட்டியவர் இரண்டாவதை வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பியரில் ஏற்பட்ட மாற்றம்

அருந்துவோர் பழகிய அதே காலத்தில் பியரும் அவர்களை நோக்கி நகர்ந்தது. ஸ்மிதிக்ஸ் 2011 இல் அமரில்லோ ஹாப்ஸ் சேர்த்த பேல் ஏல் ஒன்றை வெளியிட்டது. கின்னஸ் நிறுவனம் 2015 இல் "ஹாப் ஹவுஸ் 13" என்னும் லாகரை அறிமுகப்படுத்தியது. கேலக்சி, மொசைக், டோபாஸ் ஆகிய ஹாப்ஸ் வகைகளின் மணம் கொண்ட இதில் கசப்பு மிதமானதே. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உருவாகி, 2016 இல் தொடங்கப்பட்ட விப்லாஷ் போன்ற ஆலைகளால் டப்ளினிலும் ஆக்கப்படும் கலங்கலான இந்தியா பேல் ஏல் வகைகளில், ஹாப்ஸின் பெரும்பகுதி கொதிப்புக்குப் பின்னரே சேர்க்கப்படுகிறது. ஹாப்ஸின் அளவைக் கொண்டு பார்த்தால் இவை முன்னைய பேல் ஏல் வகைகளை விஞ்சுபவை. நாவிலோ பழச்சாறு போன்று மென்மையாக, ஒரு குவளை ஸ்டவுட்டை விடவும் குறைவாகக் கசப்பவையாகத் தோன்றக்கூடியவை.