டி-ரிங்

கேமராவைத் தொலைநோக்கியில் மாட்ட, வானியல் படம் எடுப்போர் கேட்டு வாங்கும் டி-ரிங்கின் ‘டி’, டெலஸ்கோப்பின் முதலெழுத்து என்றே பலர் எழுதுகிறார்கள். அப்படியல்ல. பல கேமராக்களுக்கும் ஒரே லென்சைப் பொருத்த, 1957இல் ஜப்பானின் டாய்சே நிறுவனம் கொண்டுவந்தது டி-மவுண்ட். பின்னாளில் டாம்ரான் ஆனது அந்நிறுவனமே.

லென்சுக்காகப் பிறந்த பெயர் தொலைநோக்கிக்குக் குடிபெயர்ந்தது. வளையத்தின் ஒரு பக்கம் லென்ஸ்போலவே கேமராவில் மாட்டிக்கொள்ளும். மறுபக்கம் 42 மி.மீ. விட்டத்தில் மரை, புரிக்குப் புரி 0.75 மி.மீ. பழைய பிராக்டிகா கேமராக்களின் மரையும் 42 மி.மீ.தான், ஆனால் புரி இடைவெளி 1 மி.மீ. மாற்றி முடுக்கினால் சிறிது சுற்றியதுமே இறுகும், வலிந்து திருகினால் மரை போய்விடும்.

சங்க இலக்கியத்தில் ‘மரை’ ஒரு மான் வகை; இன்று பட்டறைச் சொல். டி-ரிங்கைத் தமிழில் ‘மரை வளையம்’ என்றாலே கடைக்காரருக்கும் புரியும். ‘ஒளிப்படக்கருவி இணைப்பி’ என்ற பெயரோ நீளமானது, எப்படி இணைகிறது என்பதையும் சொல்லவில்லை.