எச்சில் அதிகமாகல, விழுங்குறதுதான் குறைஞ்சுபோச்சு: பார்கின்சன் நோயின் தொண்டைக் கதை

(ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பார்கின்சன் நோய்னு சொன்னா நம்ம மனசுல என்ன வரும்? நடுங்குற கை. சினிமாவுலயும் அப்படித்தான் காட்டுவாங்க. ஆனா அந்த நோய் இருக்கிறவங்களோட ஒரே வீட்டுல இருந்து பாருங்க, வேற ஒரு பட்டியல் சொல்வாங்க. தொண்டையில எப்பவும் சளி நிக்குது. செருமிக்கிட்டே இருக்காரு. எச்சில் ஒழுகுது. ஒரு இட்லி சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகுது. தண்ணி குடிச்சா புரை ஏறுது.

இன்னைக்கு அந்தத் தொண்டையோட வரலாறுதான் பேசப்போறோம். இது சின்ன விஷயம் இல்லை. சாப்பாடும் எச்சிலும் நுரையீரலுக்குள்ள போய் வர்ற நிமோனியா, இந்த நோயாளிகளோட மரணத்துக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு.

1817: தெருவுல பார்த்த நோயாளிகள்

ஜேம்ஸ் பார்கின்சன் லண்டன்ல ஹாக்ஸ்டன் பகுதியில இருந்த ஒரு சாதாரண மருத்துவர். பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியர் எல்லாம் கிடையாது. இளமையில அரசியல் தீவிரவாதி. 'ஓல்ட் ஹியூபர்ட்'ங்கிற புனைபெயர்ல அரசாங்கத்தைத் திட்டித் துண்டுப் பிரசுரம் எழுதினவர். மன்னரைக் கொல்ல நடந்ததா சொல்லப்பட்ட ஒரு சதி வழக்குல, 1794ல பிரிவி கவுன்சில் முன்னாடி விசாரிக்கப்பட்டவர்.

1817ல, தன்னோட 62வது வயசுல, நடுக்குவாதம் பத்தி ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். மொத்தமே ஆறு நோயாளிகள். அதுல ரெண்டு பேர் தெருவுல எதேச்சையா சந்திச்சவங்க. ஒருத்தரைத் தூரத்துல இருந்து பார்த்ததோட சரி. கையில எந்தக் கருவியும் இல்லை, கண்ணு மட்டும்தான்.

நோய் முத்தின நிலையைப் பத்தி எழுதும்போது அவர் சொன்னது இது: சாப்பாட்டை வாயில வச்சுக்கவே கஷ்டம், அதை விழுங்குறதும் கஷ்டம், எச்சில் வாயோட பின்பக்கத்துக்குப் போகாததால உணவுத் துணுக்கோட சேர்ந்து வெளியே வழியுது.

கவனிச்சீங்களா? எச்சில் அதிகமா சுரக்குதுன்னு அவர் சொல்லல. பின்னாடி போகலைன்னு சொல்றார். விழித்திருக்கும்போது நாம சராசரியா நிமிஷத்துக்கு ஒரு தடவை நமக்கே தெரியாம எச்சிலை விழுங்குறோம். பார்கின்சன்ல நடை மெதுவாகுது, கண் சிமிட்டுறது குறையுது. அதே மாதிரி இந்த விழுங்குறதும் குறையுது. குழாயில தண்ணி அதே அளவுதான் வருது, சாக்கடைதான் அடைச்சிருக்கு. பிற்காலத்துல அளந்து பார்த்தப்போ, நிறைய நோயாளிகளுக்கு எச்சில் சுரப்பு மத்தவங்களை விடக் குறைவாவே இருந்துச்சு.

குழாயை மூடின வைத்தியம்

ஆனா வைத்தியம் வேற பக்கம் போச்சு. 19ஆம் நூற்றாண்டோட பின்பகுதியில, பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில ஷார்கோ இந்த நோய்க்குப் பார்கின்சன் பேரை வச்சார். அவர் கொடுத்த மருந்து பெல்லடோனா வகைத் தாவரச் சத்து. நம்ம ஊர் ஊமத்தையில இருக்கிறதும் அதே குடும்பத்து ரசாயனம்தான். நடுக்கம் கொஞ்சம் குறைஞ்சது, வாயும் வறண்டுச்சு. 1940களோட கடைசியில இதே வழியில வேலை செய்யிற செயற்கை மாத்திரைகள் வந்துச்சு. இன்னைக்கும் சிலருக்கு அதை எழுதுறாங்க.

இதுல சிக்கல் என்னன்னா, எச்சில் குறையும்போது மிச்சம் இருக்கிறது கெட்டியாகுது. பசை மாதிரி தொண்டையில ஒட்டுது. இருமித் தள்ளவும் பலம் இல்லை. வழியிறது நின்னு, சளி கட்டுறது ஆரம்பிக்குது. வயசானவங்களுக்கு மலச்சிக்கலும், மனக்குழப்பமும், மறதியும் கூட வரலாம். ஒரு பக் சரி பண்ணப் போய் மூணு புதுசா வந்த கதை.

எச்சில் சுரப்பியில பாட்டுலினம் ஊசி போடுற முறை வேற ரகம். மத்த உறுப்புகளை அவ்வளவா பாதிக்காம அந்தச் சுரப்பியை மட்டும் அடக்கலாம். அமெரிக்காவுல எச்சில் வழியிறதுக்கு இதை 2018லயும் 2019லயும்தான் அங்கீகரிச்சாங்க. ஆனா இதுக்கு விதை போட்டவர் யுஸ்டினஸ் கெர்னர்னு ஒரு ஜெர்மன் மருத்துவர், கவிஞரும் கூட. கெட்டுப்போன தொத்திறைச்சி விஷத்தை 1820கள்லயே ஆராய்ஞ்சு, அது எச்சில் உட்பட சுரப்புகளை வத்த வைக்குதுன்னும், மருந்தா பயன்படலாம்னும் எழுதி வச்சுட்டுப் போனார்.

கை சரியாச்சு, தொண்டை?

1912ல ஃபிரிட்ஸ் லெவி பார்கின்சன் நோயாளிகளோட மூளையில விநோதமான உருண்டைகளைப் பார்த்தார். அவர் பார்த்த இடங்கள்ல ஒண்ணு, மூளைத்தண்டுல இருக்கிற வேகஸ் நரம்போட மையம். வேகஸ்தான் தொண்டைக்கும் குரல்வளைக்கும் குடலுக்கும் போற நரம்பு. 1919ல டிரெட்டியாகாஃப் கருமையான சப்ஸ்டான்ஷியா நைக்ரா பகுதி அழிஞ்சிருக்கிறதைக் காட்டினதும், எல்லார் கவனமும் அங்கே போச்சு. அங்கேதான் டோபமின் உற்பத்தியாகுது. 1960ல வியன்னாவுல ஹார்னிகீவிச், நோயாளிகள் மூளையில டோபமின் குறைஞ்சிருக்குன்னு நிரூபிச்சார். 1967ல கோட்ஸியாஸ் டோபா மருந்தை வாய்வழியா அதிக அளவுல கொடுத்து, முடங்கினவங்களை நடக்க வச்சார்.

இங்க ஒரு சென்னைக் கதை. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடி, 1937ல, மதராஸ் பல்கலைக்கழகத்துல தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையில இருந்து லெவோடோபாவைப் பிரிச்செடுத்துட்டாங்க. அது எதுக்கு உதவும்னு உலகத்துக்கே அப்போ தெரியாது. (உடனே நாட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. விதைக்கு விதை அளவு மாறும். டாக்டர் கொடுக்கிற மாத்திரையோட மோதும்.)

லெவோடோபா கையையும் காலையும் விடுவிச்ச மாதிரி தொண்டையை விடுவிக்கல. சிலருக்கு விழுங்குறது முன்னேறுது, பலருக்குப் பெருசா மாற்றம் இல்லை. ஏன்னா சிக்கல் டோபமினோட நிக்கல. 2003ல ஹைகோ பிராக் குழு, நோய் மூளையில ஆரம்பிக்கிற இடங்கள்ல ஒண்ணே அந்த வேகஸ் மையம்தான்னு ஒரு வரைபடம் போட்டாங்க. லெவி பார்த்த அதே இடம். அந்த வரைபடம் எல்லாருக்கும் பொருந்துதான்னு இன்னும் விவாதம் நடக்குது. ஆனா தொண்டைக்குப் போற நரம்புகள்லயே நோயின் புரதம் படிஞ்சிருக்கிறதைப் பிற்பாடு வந்த ஆய்வுகளும் காட்டுச்சு.

விழுங்கக் கத்துக்கொடுத்தவங்க

அடுத்த பெரிய நகர்வு பேச்சுப் பயிற்சியாளர்கள்கிட்ட இருந்து வந்துச்சு. அமெரிக்காவுல ஜெரி லோகமன், பேரியம் கலந்த உணவை விழுங்க வச்சு எக்ஸ்ரே வீடியோ எடுத்தார். 1983ல இதைப் பத்தின பாடநூலும் எழுதினார். அந்த வீடியோதான் 'சத்தமில்லாத புரை'யைக் கண்ணுக்குக் காட்டுச்சு. நமக்குப் புரை ஏறினா இருமுவோம், பாட்டி தலையில தட்டி "யாரோ நினைக்கிறாங்க"ன்னு சொல்வாங்க. இந்த நோயாளிகள்ல பலருக்குத் தொண்டையோட உணர்வு மங்கிடுது. தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போகும், இருமலே வராது. "அவர் இருமவே இல்லையே"ங்கிறது நல்ல சேதி இல்லை.

லோகமன் குழு பார்கின்சன், மறதி நோயாளிகள் 711 பேர்கிட்ட மூணு வழியைச் சோதிச்சாங்க: தாடையை மார்பு பக்கம் தாழ்த்தி விழுங்குறது, கொஞ்சம் கெட்டியான திரவம், தேன் பதத்துல திரவம். எக்ஸ்ரேயில தேன் பதம்தான் ஜெயிச்சது. ஆனா 515 பேரை மூணு மாசம் கவனிச்சு 2008ல வந்த முடிவுல, நிமோனியா வர்றதுல பெரிய வித்தியாசம் இல்லை. கெட்டித் திரவம் குடிச்சவங்களுக்கு நீர்ச்சத்து குறையுறதுதான் கூடுதலா இருந்துச்சு. நீர்ச்சத்து குறைஞ்சா சளி கெட்டியாகும், திரும்பவும் அதே தொண்டை அடைப்பு. அதனால கெட்டியாக்குறது ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு பண்ண வேண்டியது.

2010ல 60 நோயாளிகள்கிட்ட நடந்த சோதனை நம்பிக்கை தந்துச்சு. விசில் மாதிரி ஒரு சின்னக் கருவி. உள்ளே ஸ்பிரிங் வால்வு. பலமா ஊதினாத்தான் திறக்கும். வாரத்துல 5 நாள், 4 வாரம். பாதிப் பேருக்கு ஸ்பிரிங் இல்லாத போலிக் கருவி. நிஜக் கருவியில ஊதினவங்களுக்கு விழுங்குறது பாதுகாப்பாச்சு. இருமவும் விழுங்கவும் பயன்படுற தசைகள் பயிற்சிக்கு இணங்கும்ங்கிறதுதான் சேதி.

நம்ம சாப்பாட்டு மேசைக்கு

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுற ஆள். ஆனா இந்த வரலாற்றைப் படிச்சப்போ நம்ம வீட்டுப் பழக்கம் ஒண்ணு உறுத்துச்சு. நாம டம்ளர்ல வாய் வைக்காம அண்ணாந்து குடிப்போம். தாடையைத் தாழ்த்துறதுக்கு நேர் எதிர் இது. தலை பின்னாடி சாய்ஞ்சா, வாய்க்குள்ள அடக்க முடியாத தண்ணி, விழுங்கத் தயாராகும் முன்னாடியே தொண்டைக்குள்ள இறங்கிடும். பார்கின்சன் இருக்கிற தாத்தாவுக்கு மரியாதை, எச்சில் பார்க்காம தனி டம்ளர் கொடுத்து, வாய் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கச் சொல்றது.

ரசம் சாதமும் அப்படித்தான். கரைச்சுக் கொடுத்தா சுலபம்னு நினைப்போம். ஆனா நீரும் பருக்கையும் தனித்தனியா நகர்ற உணவு, பலவீனமான தொண்டைக்கு ரெட்டை வேலை. குழைச்சு ஒரே பதமா இருந்தா நல்லது. நிமிர்ந்து உட்கார்ந்து, மருந்து வேலை செய்யிற நேரத்துல சாப்பிடணும். பல்லையும் நாக்கையும் சுத்தமா வச்சுக்கணும், ஏன்னா நுரையீரலுக்குள்ள போறது எச்சில் மட்டும் இல்லை, அதுல இருக்கிற கிருமியும்தான். சளிக்கு முதல் மருந்து, பாதுகாப்பா குடிக்க முடியிற அளவு தண்ணி.

முக்கியமா, அடுத்த தடவை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையைப் பத்தி மட்டும் பேசிட்டு வராதீங்க. "விழுங்குறதைச் சோதிக்க முடியுமா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. குரல் சன்னமாகிறது, எடை குறையுறது, சாப்பிட்டதும் தொண்டை கரகரக்கிறது, அடிக்கடி காய்ச்சல், இதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அறிகுறிகள்.

பார்கின்சன்கிட்ட எக்ஸ்ரே இல்லை, மருந்தும் இல்லை. இருந்தும் எச்சில் ஏன் வழியுதுன்னு பார்த்து எழுதிட்டார். வீட்டுல கூட உட்கார்ந்து சாப்பிடுறவங்க அவரை விடப் பக்கத்துல இருக்காங்க.