ஒரு வீடு விடுபட்டாலும் தண்ணீர் கிடையாது

தம்பி தங்கைகளே, இன்று காலை பல் துலக்கக் குழாயைத் திறந்தீர்கள் அல்லவா? அதே தண்ணீர் பக்கத்து வீட்டுக்கும் வருகிறதா என்று யோசித்திருக்கிறீர்களா? இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கிராமங்களைப் பற்றிப் படித்தபோதுதான் வந்தது.

கதை 1971இல் தொடங்குகிறது. வங்காளதேசப் போரின்போது இந்தியாவுக்குள் வந்த அகதிகளுக்கு உதவ, மெட்ராஸ் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 400 பேர் புறப்பட்டுப் போனார்கள். அவர்களின் தலைவர் கேரளத்தைச் சேர்ந்த ஜோ மடியத். அதே ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைப் பெரும் புயல் தாக்கியது. மாணவர்களில் ஒரு பகுதியினர் அங்கே உதவிக்குச் சென்றார்கள். பிறகு பலர் ஊர் திரும்பினார்கள். ஜோவும் சில நண்பர்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1979இல் ‘கிராம் விகாஸ்’ என்ற தொண்டு நிறுவனம் பிறந்தது.

முதலில் வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன்கள் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் கிராமங்களில் வயிற்றுப்போக்கு குறையவில்லை. மக்கள் திறந்தவெளியில் மலம் கழித்தார்கள். மழை அதைக் குளத்துக்குள் அடித்துச் சென்றது. அந்தக் குளத்தில்தான் குளியலும் துவையலும். கழிவறையும் சுத்தமான நீரும் சேர்ந்து வந்தால்தான் தீர்வு என்று புரிந்தது. 1992இல் 5 கிராமங்களில் 337 குடும்பங்களோடு வேலை தொடங்கியது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கழிவறை, ஒரு குளியலறை, சமையலறையில் ஒரு குழாய். ஆனால் ஒரு நிபந்தனை: ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களும் சேர வேண்டும். கடைசி வீட்டின் கழிவறையும் கட்டி முடியும்வரை யாருக்கும் தண்ணீர் திறக்கப்படாது.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யாரோ பிடிவாதம் பிடித்தால் மற்றவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

இரண்டு காரணங்கள் இருந்தன. ஒரே ஒரு குடும்பம் வெளியே போனாலும் ஊர் நீர் கெடும். இன்னொன்று சாதி. பல ஊர்களில் தலித் மக்கள் பொதுக் கிணற்றைத் தொடக்கூட விடமாட்டார்கள். விரும்பியவர்கள் மட்டும் சேரலாம் என்றால் முதலில் விடுபடுவது அவர்கள் வீடுகள்தான். இப்போதோ ஒரே தொட்டி, எல்லா வீட்டுக்கும் ஒரே நீர். அதை ஏற்க வைக்கச் சில ஊர்களில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடப் பேச வேண்டியிருந்தது.

இலவசமாகவும் கொடுக்கவில்லை. குடும்பத்துக்குச் சராசரியாக 1,000 ரூபாய். வசதியானவர் கூடுதலாகவும் ஏழைகள் குறைவாகவும் போட்டார்கள். அந்தப் பணம் வங்கியில் இருக்கும். பின்னாளில் ஊரில் புதுக் குடும்பம் வந்தால், அதன் வட்டியிலிருந்து அவர்களுக்கும் உதவி. மண் தோண்டியதும் செங்கல் அறுத்ததும் ஊர் மக்களே. மலைக் கிராமங்களில் மேலே உள்ள ஊற்றிலிருந்து நீர் தானாகவே குழாயில் இறங்கி வந்தது. மோட்டார் வேண்டாம், மின்கட்டணமும் இல்லை.

இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் இந்த வேலை நடந்திருக்கிறது. குடம் சுமந்து தினமும் நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும், உங்கள் வயதுச் சிறுமிகளும்தான்.

என் கோபம் இப்போது போய்விட்டது. காத்திருக்காமல் திறந்திருந்தால், ஊரின் கடைசித் தெருச் சிறுமி இன்னும் குடத்தோடு நடந்துகொண்டிருப்பாள்.