பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ்: எந்தப் பாகத்தை முதலில் மாற்ற வேண்டும்?

வல்லக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஏரிப் பாசனத்தில் நெல் சாகுபடி இன்னமும் நடக்கிறது. இங்குள்ள சில பண்ணைகளில் பழைய மகிந்திரா ஜீப்பை இன்றும் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையில் சேறாகிவிட்ட கரை வழியில் விதை மூட்டையும் உரமும் கொண்டுபோக அது வசதியான வண்டி.

இந்த வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்று. வண்டிக்கு அடியில் உறுமல் சத்தம் வருகிறது. ஆயில் ஒழுகுகிறது. லோ கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. மூன்றுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் காரணமாக இருக்கலாம். அதன் பாகங்களை மேம்படுத்த நினைப்பவர்கள் எதை முதலில், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் வேலை என்ன?

கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தருவது இதன் வேலை. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் இருப்பது ஸ்பைசர் 18 என்ற வகை. டானா 18 என்றும் சொல்வார்கள். லோ நிலையில் இது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. போர்க்கால எம்பி ஜீப்பில் இந்த விகிதம் 1.97. 1945-ல் விவசாயிகளையும் மனதில் வைத்து வெளிவந்த சிஜே 2ஏ மாடலில் அது 2.43 ஆக உயர்ந்தது.

இந்த வகையில் பின் அச்சுக்குச் செல்லும் தண்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் நீங்கள் நாலு சக்கர இயக்கத்தைப் போடாமல் சாதாரணமாக ஓட்டினாலும், சக்தி முழுவதும் இடைக் கியர் வழியாகத்தான் போகிறது. அந்தக் கியருக்கு ஓய்வே கிடையாது. முதலில் தேய்வதும் அதைத் தாங்கும் ஷாஃப்ட்தான்.

பிரிக்கும் முன் சோதனை

1. ஆயிலைச் சுத்தமான தட்டில் வடியுங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. வெண்கல நிறத் துகள் தெரிந்தால் வாஷர் தேய்கிறது. இரும்புச் சிம்பு கிடந்தால் பேரிங்கையோ கியரையோ பார்க்க வேண்டும்.

2. கியர்பாக்ஸ் ஆயில் அளவையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஆயில் போய்வர வழி உண்டு. ஒன்றில் குறைந்து மற்றதில் கூடியிருந்தால் ஒழுகல் உள்ளேதான்.

3. புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் யூ ஜாயின்டில் இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க அவசியமே இல்லை.

மாற்ற வேண்டிய வரிசை

முதலில் இடைக் கியர் ஷாஃப்ட். இதன் மேல் ஊசி போன்ற ரோலர்கள் நேரடியாக உருள்கின்றன. விரல் நகத்தை ஓட்டினால் வரி தட்டுப்படும் ஷாஃப்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஆண்டுக்கு ஏற்ப 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என்று மூன்று விட்டங்களில் இது வந்துள்ளது. வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய ஷாஃப்ட்டை வெர்னியரில் அளந்து, ரோலர் பேரிங்குடன் சேர்த்தே வாங்குங்கள். ஓ ரிங் பள்ளம் உள்ள ஷாஃப்ட் கிடைத்தால் அதுவே நல்லது. ஷாஃப்ட் ஓரமாகக் கசியும் ஆயிலை அது நிறுத்தும்.

புதிய பாகம் கிடைக்காதவர்கள் லேத்தில் கடைந்துகொள்வதுண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண இரும்புக் கம்பியில் கடைந்த ஷாஃப்ட் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், சீக்கிரமே வரி விழும். 20எம்என்சிஆர்5 போன்ற கியர் எஃகில் கடைந்து, மேற்பரப்பைக் கடினப்படுத்தி, அதன்பின் கிரைண்டிங் செய்ய வேண்டும். கடினம் 58 முதல் 62 எச்ஆர்சி வரை இருக்கட்டும். எளிய சோதனை ஒன்று: ஷாஃப்ட்டின் முனையில் அரத்தை வைத்துத் தேய்த்தால் அரம் வழுக்க வேண்டும், கடிக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழில் நிறைய உள்ளதால், இந்த வேலை தெரிந்த பட்டறையை விசாரித்துக் கண்டுபிடிக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்குபவர்களும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

இரண்டாவது, இடைக் கியரின் இருபுறமும் வரும் வெண்கல வாஷர்கள். இவை தேய்ந்தால் கியர் முன்பின்னாக நகரும். புதிய ஷாஃப்ட்டுக்குப் பழைய வாஷர் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மூன்றாவது, ஹவுசிங்கின் துளை. பல ஆண்டு ஓட்டத்தில் ஷாஃப்ட் உட்காரும் துளை பெரிதாகியிருக்கும். அப்படியானால் போரிங் செய்து ஸ்லீவ் இறக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் போடும் புதிய ஷாஃப்ட் வீண் செலவு.

நான்காவது, வெளியேறும் தண்டின் கூம்பு பேரிங்குகள். பின் மூடியில் உள்ள ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ, தண்டின் முன்பின் ஆட்டத்தை 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். கையால் அசைத்துப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்லும் இடமல்ல இது. டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, லோ கியர் தானாகக் கழன்றால் ஷிஃப்டர் ஃபோர்க், குண்டு, ஸ்பிரிங் மூன்றையும் பார்த்து மாற்றுங்கள்.

ஆயில் சீலும் ஹேண்ட் பிரேக்கும்

பின் ஆயில் சீல் மலிவான பாகம்தான். ஆனால் உயிரைக் காப்பது அதுதான். பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத் தண்டில் ஒரு டிரம் இருக்கும், அதில்தான் பிடிக்கும். சீல் கசிந்தால் ஆயில் நேராக அந்த டிரம்முக்குள் போய்விடும். பிறகு லீவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காது. உங்கள் வண்டி இந்த வகையா என்று இன்றே குனிந்து பாருங்கள். ஆம் என்றால் மூன்று விஷயங்களை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

- டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருக்கும்போது, முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும்.
- பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கே இல்லை.
- ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரென்ஷியல் காரணமாக ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடிக்காது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் ஜாக்கி போடாதீர்கள்.

ஏரிக்கரைச் சரிவில் டிரெய்லருடன் நிறுத்துபவர்கள் எப்போதும் இரண்டு மரக்கட்டைகளை வண்டியிலேயே வைத்திருங்கள்.

அவசரப்படக் கூடாத மேம்பாடுகள்

இன்னும் மெதுவான லோ தரும் கியர் செட்டுகள் வெளிநாட்டுச் சந்தையில் உண்டு. அவை இழுவையைக் கூட்டும்போது, பழைய பின் அச்சுக்கும் யூ ஜாயின்டுக்கும் போகும் சுமையும் கூடுகிறது. முன் அச்சு சேராமல் லோ விழாதபடி தடுக்கும் உள் பூட்டைச் சிலர் எடுத்துவிடுகிறார்கள். அதனால் முழு இழுவையும் பின் அச்சில் மட்டும் விழுந்து அச்சுத் தண்டு முறியக்கூடும். பண்ணை வேலைக்கு இவை இரண்டும் தேவையில்லை.

இன்ஜினை மாற்றுவது, பதிவுச் சான்றில் உள்ள விவரத்தை மாற்றும் வேலை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி அதற்கு அனுமதி வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தேய்ந்த பாகத்தை அதே அளவில் புதுப்பிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

பராமரிப்பு

எஸ்ஏஇ 90 கியர் ஆயில் பயன்படுத்துங்கள். தண்ணீரில் இறங்கிய வண்டியின் ஆயிலை அன்றே சோதியுங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவில் இருக்கட்டும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாததால், ஒரகடம் தார்ச் சாலையில் நாலு சக்கர இயக்கத்தோடு ஓட்டினால் உள்ளே முறுக்கு ஏறி கியர் தேயும். சேற்றைத் தாண்டியதும் அதை எடுத்துவிடுங்கள்.

கையில் உள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் பின் சீலையும் ஹேண்ட் பிரேக்கையும் முதலில் சரிசெய்யுங்கள். சத்தம் போடும் ஜீப்பை இன்னும் ஒரு போகம் ஓட்டலாம், கரையில் நிற்காத ஜீப்பை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.